வீ ஜெயித்தது டிஸ்ரப்ஷன் என்றால், வீ யூ ஏன் விழுந்தது?

நிலா_கோவை:

வணக்கம். எம்பிஏ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் 2006இல் வந்த நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் பெட்டியைப் பற்றி நான் பேச வேண்டும். எங்கள் பாடத்தில் அதை டிஸ்ரப்டிவ் இன்னவேஷனுக்கு நல்ல உதாரணமாகப் போட்டிருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் இன்னும் வேகம், இன்னும் விலை என்று மேலே போய்க்கொண்டிருக்கும்போது, ஒருவன் மலிவான எளிய பொருளோடு கீழே நுழைந்து சந்தையையே கலைத்துவிடுவான் என்பது கதை. எண்களும் அப்படித்தான் தெரிகின்றன. வீ 10 கோடியே 16 லட்சம் விற்றது. அதோடு போட்டியிட்ட சோனியின் பிளேஸ்டேஷன் 3, மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டும் 9 கோடியைத் தொடவில்லை.

எனக்கு இடிக்கிற இடம் ஒன்றுதான். இந்தக் கோட்பாட்டைக் கொடுத்த கிளேட்டன் கிறிஸ்டென்சன் சொன்னபடி பார்த்தால், கீழே நுழைந்தவன் படிப்படியாக மேலே ஏறிப் பழைய ராஜாக்களை விரட்ட வேண்டும். ஆனால் வீக்கு அடுத்த பெட்டியாக 2012இல் வந்த வீ யூ மொத்தமே 1 கோடியே 35 லட்சம்தான் விற்றது. அடுத்த ஆண்டு சோனி இறக்கிய பிளேஸ்டேஷன் 4, 11 கோடியைத் தாண்டியது. விரட்டப்பட வேண்டியவர் நன்றாக இருக்கிறார், விரட்ட வந்தவர் விழுந்துவிட்டார். இதை வகுப்பில் யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது?

நான் வீயைக் கையில் பிடித்ததே இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது டிவியில் சொருகும் கேசட் கேம்தான். அந்தச் சமயத்தில் வைத்திருந்தவர்கள், விற்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பழைய_கவுண்டர்:

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் ரொறன்ரோவில், ஸ்காபரோ பக்கம் இருக்கிறேன். 2005 முதல் 2013 வரை இங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையின் கேம் பகுதியில் கவுண்டரில் நின்றேன். அந்தத் தலைமுறையின் மூன்று பெட்டிகளும் வந்ததையும் விற்றதையும் கண்ணால் பார்த்தவன் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நேரத்து நிலைமை. எக்ஸ்பாக்ஸ் 360 2005 நவம்பரிலேயே வந்துவிட்டது. அமெரிக்க விலை 299, 399 டாலர். அடுத்த நவம்பரில், இரண்டே நாள் இடைவெளியில், பிளேஸ்டேஷன் 3 499க்கும் 599க்கும் வந்தது, வீ 250க்கு வந்தது. சோனியின் பெட்டியில் ஐபிஎம், தோஷிபாவோடு சேர்ந்து செய்த செல் சிப், புளூரே, எச்டி படம் எல்லாம் இருந்தன. வீயில் எச்டி கிடையாது, டிவிடி படம்கூட ஓடாது. உள்ளே இருந்த சிப், நின்டெண்டோவின் முந்தைய பெட்டியான கேம்கியூபின் சிப்புக்குத் தம்பிதான். 485 மெகாஹெர்ட்ஸாக இருந்தது 729 ஆகியிருந்தது. கேம் தெரிந்த பெடியள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை.

நின்டெண்டோவுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அதற்கு முந்தைய சுற்றில் கேம்கியூப் 2 கோடியே 17 லட்சத்தோடு நின்றுபோனது, பிளேஸ்டேஷன் 2 15 கோடியைத் தாண்டிவிட்டது. அதே ஓட்டத்தை மறுபடியும் ஓடக் காசும் கம்மி, பயனும் கம்மி. அதனால் அப்போதைய நின்டெண்டோ தலைவர் சடோரு இவாட்டா தன் ஆட்களிடம் வேறு மாதிரியான ஒரு கட்டளையைக் கொடுத்தார். இரண்டு மூன்று டிவிடி பெட்டிகளை அடுக்கிய அளவுக்குள் பெட்டி அடங்க வேண்டும். வீட்டில் அம்மா அதைப் பார்த்து எரிச்சல் படக்கூடாது. கட்டுப்படுத்தும் சாமான் எல்லோருக்கும் பழகிய டிவி ரிமோட் மாதிரி இருக்க வேண்டும். கடைசியில் வந்த பெட்டியின் தடிப்பு 4.4 சென்டிமீட்டர்தான்.

கவுண்டரில் நிற்கிறவனுக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், கேள்விகள் மாறின. பிளேஸ்டேஷன் 3 வாங்க வருகிறவர் முதலில் கேட்பது ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி என்று. வீ வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, எத்தனை பேர் சேர்ந்து விளையாடலாம் என்று. முதல் மாதம் வந்தவர்கள் எப்போதும் வருகிற கேம் ஆட்கள்தான். தை, மாசியில் வந்த முகங்களை நான் அதற்கு முன்பு அந்தப் பகுதியில் கண்டதில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் தாதி ஒருவர் வந்தார். ஐம்பது வயது தாண்டிய தம்பதியர் வந்தார்கள். பெட்டிகள் வந்த அன்றைக்கே முடிந்துவிடும். நாள் முழுக்கத் தொலைபேசியில் ஒரே கேள்விதான்: "வீ வந்துவிட்டதா?"

என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன், வகுப்பில் சொல்ல உதவும். அம்மம்மாவுக்கு அப்போது 74 வயது. கனடாவுக்கு வந்து பத்து வருடம் ஆகியும் டிவி ரிமோட்டைத் தவிர வேறு எந்த மின்சாமானையும் தொட்டதில்லை. 2007 தைப்பொங்கல் அன்று வீயைக் கொண்டுபோய் வரவேற்பறையில் பூட்டினேன். பெட்டியோடு வந்த வீ ஸ்போர்ட்ஸில் பௌலிங் போட்டேன். ரிமோட்டின் கீழே இருக்கும் பி பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்து, கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது பொத்தானை விடவேண்டும். அவ்வளவுதான் பாடம். அம்மம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தென்னம்பிள்ளைக்கு வாளித் தண்ணீர் வீசுகிற மாதிரி கையை வீசினார். முதல் பந்தில் ஏழு கட்டை விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தவர் ரிமோட்டைத் தரவில்லை.

பொழுதுபட்டதும் வழக்கம்போல டிவிக்குப் பக்கத்துத் தட்டில் சாமிப்படத்துக்கு விளக்கு வைத்தார். உடனே திரையில் இருந்த கை அடையாளம் துள்ளத் தொடங்கிவிட்டது. பற்றறி மாற்றினேன், சரிவரவில்லை. சாமி விளக்கை ஊதி அணைக்க அம்மம்மா விடவும் மாட்டார். திரி எரிந்து முடிந்ததும் கை தானாக நேரே நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. டிவி மேல் வைக்கிற அந்த சென்சார் பார் எதையும் உணர்வதில்லை. இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான். ரிமோட்டின் மூக்கில் இருக்கும் சிறிய கமராதான் அந்த இரண்டு ஒளிப் புள்ளிகளையும் பார்த்து, தான் எங்கே நீட்டப்படுகிறது என்று கணக்குப் போடுகிறது. அம்மம்மாவின் விளக்குச் சுடரையும் அது ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டுவிட்டது. பிறகு நான் சென்சார் பாரைக் கழற்றிவிட்டு இரண்டு மெழுகுதிரியை ஏற்றி வைத்துப் பார்த்தேன், வடிவாக வேலை செய்தது. அவ்வளவு எளிய, மலிவான யோசனை அது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிறிஸ்டென்சன் இரண்டு வாசல் சொல்கிறார். ஒன்று, இருக்கிற வாடிக்கையாளரில் கீழ்மட்டத்தைப் பிடிப்பது. மற்றது, அதுவரை வாங்காமலே இருந்தவர்களைப் பிடிப்பது. வீ நுழைந்தது இரண்டாவது வாசலால். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, என் அம்மம்மா சாட்சி. ஆனால் நுழைந்த பிறகு ஒரு படி இருக்கிறது. புதிய சாமான் வருடா வருடம் நன்றாகி, மேல்தட்டு வாடிக்கையாளரும் "இது எனக்குப் போதும்" என்று பழையதை விட்டுவிட்டு வரவேண்டும். அது நடக்கவில்லை. 2009இல், சுழற்சியை உணரும் ஜைரோஸ்கோப் வைத்து, ரிமோட்டில் சொருகும் மோஷன் பிளஸ் வந்தது, கை அசைவு இன்னும் துல்லியமானது. இருந்தாலும் ஃபுட்போல், துப்பாக்கிக் கேம் ஆடுகிறவன் இரண்டு குச்சி வைத்த பேடை விட்டு வரவில்லை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் மேலே வரவேற்பறையில் வீ இருக்கும், கீழே பேஸ்மென்டில் மகனின் எக்ஸ்பாக்ஸ் இருக்கும். ஒன்று மற்றதை வெளியேற்றவில்லை. வீ பக்கத்துக் காணியை வாங்கி அங்கே தனி வீடு கட்டியது. சோனியின் வீடு அப்படியே நின்றது.

அந்தப் பக்கத்துக் காணிக்குத்தான் பிறகு கைபேசி வந்தது. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது 2008 ஜூலையில். பாடத்தில் இருக்கிற டிஸ்ரப்ஷன் அதுதான் என்பது என் கருத்து. மலிவு, எளிமை, ஏற்கனவே கையில் இருக்கிறது, ஒரு கேம் ஒரு டாலர். வீ வாங்கின ஆட்கள் ஒரே ஒரு கேமோடு நின்றுவிட்டார்கள், கடைப் பக்கம் திரும்பி வரவில்லை. அதனால்தான் வீ யூ வந்தபோது வாங்க ஆள் இல்லை.


செல்வன்_சிப்:

பெங்களூரில் சிப் டிசைனில் வேலை. மேலே எழுதியதற்கு ஒரு முன்கதை சேர்க்கிறேன். இது 2006இல் திடீரென்று வந்த யோசனை இல்லை. நின்டெண்டோவில் கும்பேய் யோகோய் என்று ஒரு பொறியாளர் இருந்தார். நன்றாகப் பழகி, விலை விழுந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் வழி. கால்குலேட்டர் திரை மலிந்தபோது அதை வைத்து 1980இல் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க கேம் செய்தார். 1989இல் வந்த கேம் பாய் அதே ரகம்தான்: நான்கு சாயல் கொண்ட பச்சைத் திரை, நான்கு பென்சில் பேட்டரி. அதே வருடம் அட்டாரி லிங்க்ஸ் கலர் திரையோடு வந்தது, அடுத்து செகாவின் கேம் கியர். இரண்டுக்கும் ஆறு பேட்டரி வேண்டும், அதுவும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாயும் அதன் கலர் தம்பியும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சம் விற்றன.

வீ ரிமோட்டுக்குள் இருந்த அசைவுமானி அனலாக் டிவைசஸ் செய்தது. எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும், சிலிக்கானில் செய்யும் இந்த ரகச் சில்லு பெரிய அளவில் ஓடத் தொடங்கியது காரின் ஏர்பேக்கில், மோதலை உணர்வதற்காக. கார்களுக்காகப் பல வருடம் தயாரித்துத் தயாரித்துத்தான் அது ஒரு விளையாட்டு ரிமோட்டில் வைக்கிற விலைக்கு இறங்கியது. செல் சிப்பைப் புதிதாக வடிவமைக்கச் சோனி கொட்டிய பணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்பில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பேச்சு முடிந்தது.


கணக்கன்_77:

பழைய_கவுண்டர் எழுதியது மனதில் நிற்கிறது, ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு தவறு இருக்கிறது. "ஒரே ஒரு கேமோடு நின்றுவிட்டார்கள்" என்பது எல்லோரும் சொல்கிற பேச்சு, கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நின்டெண்டோவே வெளியிட்ட எண்படி வீக்காக விற்ற கேம்கள் 92 கோடிக்கு மேல். பெட்டியோடு இலவசமாக வந்ததையும் சேர்த்துத்தான் அந்த எண், இருந்தாலும் ஒரு பெட்டிக்கு 9 வருகிறது. மாரியோ கார்ட் மட்டும் 3 கோடியே 73 லட்சம் போயிருக்கிறது.

நிலா, காலத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு உதவும். மார்ச்சில் முடியும் கணக்காண்டுகளாகச் சொல்கிறேன். 2009இல் முடிந்த ஆண்டில் வீ 2 கோடியே 59 லட்சம். அடுத்த ஆண்டு 2 கோடியே 5 லட்சம். அப்புறம் 1 கோடியே 50 லட்சம். 2012இல் 98 லட்சம். உச்சம் தொட்ட வருடமும் ஆப் ஸ்டோர் திறந்த வருடமும் ஒன்றுதான். ஆனால் பழியை முழுவதும் கைபேசி மேல் போட்டுவிடாதீர்கள். தட்டை டிவி விலை இறங்கி வீடு வீடாக வந்துவிட்டது, அதில் வீயின் படம் மங்கலாகத் தெரிந்தது. 2009 செப்டம்பரில் மெலிந்த பிளேஸ்டேஷன் 3 299 டாலருக்கு வந்தது, வீயும் 199க்கு இறங்கியது. 2006இல் பிளேஸ்டேஷன் 3 வீயைப் போல இரண்டு மடங்கு விலை, இப்போது வித்தியாசம் 100 டாலராகச் சுருங்கிவிட்டது.

பணக் கணக்கையும் பாருங்கள். வீ பெட்டி ஒவ்வொன்றிலும் தொடக்கத்திலிருந்தே லாபம். சோனி பிளேஸ்டேஷன் 3ஐ நஷ்டத்துக்கு விற்றது. 2007 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் சோனியின் கேம் பிரிவு 23,230 கோடி யென் நஷ்டம். 2009 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் நின்டெண்டோவின் இயக்க லாபம் 55,530 கோடி யென். மூன்றே வருடம் கழித்து, 2012இல், அதே நின்டெண்டோ 3,730 கோடி யென் இயக்க நஷ்டம் காட்டியது. இதற்கு வீயைவிடக் கையடக்கப் பெட்டிதான் பெரிய காரணம். 25,000 யென்னுக்கு வந்த 3டிஎஸ்ஸை ஆறே மாதத்தில் 15,000க்கு இறக்க வேண்டியிருந்தது. கைபேசி முதலில் கைவைத்த இடம் அதுதான்.


பழைய_கவுண்டர்:

கணக்கன், நீங்கள் சொல்வதுதான் சரி. என் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கவுண்டரில் நின்றவனுக்கு நத்தார் நேரத்துச் சனம்தான் கண்ணில் நிற்கும். அவர்களில் பலர் பெட்டியும் இரண்டாவது ரிமோட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மாதா மாதம் வந்து கேம் வாங்கின ஆட்களை நான் குறைத்து நினைத்துவிட்டேன்.

இப்போது யோசித்துப் பார்த்தால், திரும்பி வரவில்லை என்று நான் நினைத்தது கேமுக்காக இல்லை, அடுத்த பெட்டிக்காக. 2012 நவம்பரில் வீ யூ வந்த கிழமை ஒரு அம்மா வந்தார். 2007இல் என்னிடம்தான் வீ வாங்கினவர், அதற்குப் பிறகு பலகை மேல் நின்று உடற்பயிற்சி செய்கிற வீ ஃபிட்டும் வாங்கினவர். திரை வைத்த அந்தப் பெரிய கட்டுப்பாட்டுச் சாமானை வடிவாகப் பார்த்தார். கைப்பையை கவுண்டரில் வைத்து, பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினார். பிள்ளை டாப்லெட்டில் விரலால் ஏதோ இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. "இவளுக்கு இது காணும் தம்பி" என்றார். அவருக்கு எங்கள் மேலும் கோபமில்லை, வீ மேலும் கோபமில்லை. ஐந்து வருடம் நன்றாக விளையாடினார்கள், இப்போது வேறொன்று கையில் இருக்கிறது. பெயர் வேறு பழைய பெயரோடு ஒட்டி இருந்ததால், புதுப் பெட்டி என்பதே பலருக்குப் பிடிபடவில்லை. துணைச் சாமான் என்று சனம் நினைத்துவிட்டதை இவாட்டாவே பிறகு ஒத்துக்கொண்டார்.

பிளேஸ்டேஷன் வாங்கின பெடியனிடம் அப்படி நடக்காது. அவனுக்கு அடுத்த பெட்டி எப்போது வரும், அதன் கணக்கு வேகம் எத்தனை டெராஃப்ளொப் என்று ஒரு வருடம் முன்பே தெரியும். அந்தப் பசியை சோனி பத்து வருடமாக ஊட்டி வளர்த்திருந்தது. நின்டெண்டோ பிடித்த சனத்துக்கு அந்தப் பசி இல்லை, அதனால்தான் அவர்களை முதலில் பிடிக்கவும் முடிந்தது. தங்கச்சி, உங்கள் கேள்விக்கு நான் கொடுக்கிற பதில் இதுதான்.


நிலா_கோவை:

அண்ணா, எல்லோருக்கும் மிக்க நன்றி. இதை அப்படியே எடுத்து எழுதிக்கொண்டேன். இரண்டு சந்தேகம் பாக்கி. பாடத்தில், பெரியவர்கள் கீழே வந்தவனோடு சண்டை போடாமல் மேலே ஓடிவிடுவார்கள் என்று இருக்கிறது. ஆனால் மைக்ரோசாப்ட், உடல் அசைவையே கேமராவால் பார்க்கும் கினெக்ட் கொண்டுவந்து சண்டை போட்டதே? அப்புறம் வீ யூவுக்குப் பிறகு நின்டெண்டோ கொண்டுவந்த ஸ்விட்சை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்னொன்று, என் விடுதித் தோழியின் வீட்டில் பழைய வீ ஒன்று இருக்கிறதாம். மெழுகுவர்த்தி விஷயத்தை வகுப்பில் செய்து காட்டலாமா?


பழைய_கவுண்டர்:

கினெக்ட் நல்ல உதாரணம், கட்டாயம் சேருங்கள். 2010 நவம்பரில் 150 டாலருக்கு வந்து 60 நாளில் 80 லட்சம் விற்றது. சோனியும் அந்த வருடம்தான் மூவ் என்ற அசைவு ரிமோட்டைக் கொண்டுவந்தது. அப்போது கவுண்டரில் நான் மூன்று அசைவுக் கருவிகளையும் ஒரே தட்டில் அடுக்கினேன். ஆனால் மைக்ரோசாப்ட் அடுத்து என்ன செய்தது என்று பாருங்கள். 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு கினெக்டைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று வைத்து 499 டாலர் கேட்டார்கள். சோனி அசைவுக் கருவியை வற்புறுத்தாமல் 399க்கு வந்தது. அடுத்த வருடம் ஜூனில் கினெக்ட் இல்லாத எக்ஸ்பாக்ஸை 399க்கு விற்கத் தொடங்கினார்கள். அதாவது சண்டைக்கு வந்தார்கள், தங்கள் பழைய வாடிக்கையாளர் முகம் சுளித்ததும் திரும்பிப் போனார்கள். பாடம் சொல்கிற மேலே ஓடுவது அங்கே கொஞ்சம் பிந்தி நடந்தது என்று நான் சொல்வேன்.

ஸ்விட்ச் 2017இல் வந்தபோது நான் கடையில் இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1, இரண்டு வருடம் முன்பே வெளிவந்த சிப். செல்வன் சொன்ன யோகோய் வழிதான். ஆனால் இந்த முறை கைபேசியோடு மோதவும் இல்லை, பிளேஸ்டேஷனோடு மோதவும் இல்லை. கையடக்கம், டிவிப் பெட்டி என்று இரண்டாகப் பிரிந்திருந்த தன் சொந்தச் சனத்தை ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தார்கள். 15 கோடிக்கு மேல் போய்விட்டது. அதை டிஸ்ரப்ஷன் என்று எழுதாதீர்கள்.

மெழுகுதிரி தாராளமாகச் செய்யலாம். சென்சார் பாரைக் கழற்றிவிட்டு, திரைக்குக் கீழே இரண்டு மெழுகுதிரியை ஒரு சாண் இடைவெளியில் ஒரே உயரத்தில் வையுங்கள். ஜன்னல் திரையை மூடுங்கள், வெயில் பட்டால் ரிமோட் குழம்பும். ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள். மின்விசிறியை மறக்காமல் நிறுத்துங்கள், சுடர் ஆடினால் திரையில் கையும் ஆடும். முதலில் சென்சார் பாரைப் பூட்டி, அதைக் கைபேசிக் கமராவால் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு விளக்குகளும் பல கைபேசித் திரைகளில் ஊதா நிறத்தில் தெரியும். அதைப் பார்த்த பிறகு மெழுகுதிரியை ஏற்றினால் பின்வரிசையில் இருப்பவருக்கும் விளங்கிவிடும்.